கார்பன் டை ஆக்சைடு நேர்கோடாக இருக்கும்போது தண்ணீர் மட்டும் ஏன் வளைந்திருக்கிறது?

இரண்டிலும் மூன்று அணுக்கள்தானே, வடிவத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடம் வேண்டாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பல வருடமாக ட்யூஷன் எடுக்கிறேன், இந்தப் பாடத்தில் தடுமாறுகிற பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அணுக்களை எண்ணுவார்கள், நடு அணுவின் மேல் பிணைப்பில் சேராமல் நிற்கும் எலக்ட்ரான்களை விட்டுவிடுவார்கள்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள், அதில் 2 ஹைட்ரஜன்களோடு பிணைப்புக்குப் போய்விடும், மீதி 4 எலக்ட்ரான்கள் இரண்டு தனித்த இரட்டைகளாக ஆக்சிஜனிடமே நிற்கும். பிணைப்புக்குப் போன ஒவ்வொன்றும் ஹைட்ரஜனின் ஒரு எலக்ட்ரானோடு சேர்ந்து ஒரு இரட்டையாகும், ஆக மொத்தம் நான்கு இரட்டைகள். எல்லாம் எதிர்மின்சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளும்.

இதை வகுப்பில் பலூனை வைத்துத்தான் காட்டுவேன். நான்கு பலூன்களை ஊதி வாய்ப்பக்கத்தைச் சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டுங்கள், நீங்கள் அடுக்கவே வேண்டாம், அவையே நெருக்கித் தள்ளிக்கொண்டு நான்முகியாக (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவின் நான்கு மூலைகளை நோக்கி) நிற்கும். அதில் இரண்டின் நுனியில் ஹைட்ரஜனுக்காக ஒரு பொட்டு வையுங்கள். மற்ற இரண்டையும் கண் கணக்கில் எடுக்காமல் பொட்டுகளை மட்டும் பாருங்கள், வளைந்த வடிவம்தான் தெரியும்! அதுதான் தண்ணீர்.

இரண்டு ஹைட்ரஜன்களுக்கு நடுவிலான கோணம் ஏன் நான்முகியின் 109.5° ஆக இல்லாமல் 104.5° என்றால், பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன, தனித்த இரட்டைக்கு ஒன்றுதான், அதனால் அது நடு அணுவை ஒட்டிப் பரந்து இடம் பிடித்து மற்றவற்றை நெருக்குகிறது. அம்மோனியாவில் தனித்த இரட்டை ஒன்று, கோணம் 107°. மீத்தேனில் ஒன்றும் இல்லை, 109.5°.

சரி, கார்பன் டை ஆக்சைடு. கார்பனின் 4 எலக்ட்ரான்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளில் (ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான் இரட்டைகள்) தீர்ந்துவிடும், தனித்த இரட்டை மிச்சமில்லை. இரட்டைப் பிணைப்பையும் ஒரே பலூனாகவே எண்ண வேண்டும் (இங்கேதான் நிறைய பேர் மார்க் விடுகிறார்கள்). இரண்டு பலூன்கள் என்றால் எதிரெதிராக நிற்கும், 180°. ஆனால் சல்பர் டை ஆக்சைடு அப்படி இல்லை, சல்பரிடம் ஒரு தனித்த இரட்டை மிஞ்சுகிறது, வளைந்துவிடும், கோணம் சுமார் 119°.

இந்த வளைவு சாதாரண விஷயமில்லை. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு ஆக்சிஜனும் எதிரெதிர்த் திசையில் சமமாக இழுப்பதால் இருமுனை திருப்புத்திறன் (மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் எனப் பிரிந்திருப்பதன் அளவு) பூஜ்யம். தண்ணீருக்கு 1.85 டிபை (அந்த அளவின் அலகு). தண்ணீரும் நேர்கோடாக இருந்திருந்தால் அதற்கும் பூஜ்யம்தான், நாம் சமையலில் போடுகிற உப்பு இப்படிக் கரைந்திருக்காது.

இரட்டைகளின் தள்ளலை வைத்து வடிவம் சொல்லும் இந்த முறையை 1957இல் கில்லஸ்பி, நைஹோம் என்ற வேதியியலாளர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். இதற்கும் எல்லை உண்டு. ஹைட்ரஜன் சல்பைடிலும் இதே நான்கு இரட்டைகள்தான், ஆனால் கோணம் 92° அளவில் இருக்கிறது. வடிவத்துக்கு இதை நம்புங்கள், துல்லியமான டிகிரிக்கு நம்பாதீர்கள்.

அப்புறம் செனான் டை ஃபுளூரைடைப் போட்டுப் பாருங்கள். மூன்று தனித்த இரட்டைகள் வரும், ஆனாலும் மூலக்கூறு நேர்கோடுதான். ஐந்து பலூன்களைக் கட்டி, பொட்டு எந்த இரண்டில் வர வேண்டும் என்று யோசியுங்கள்.