மனித குலமே அழிந்துபோகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனித குலம் முழுவதையும் பாதிக்கக்கூடிய பேராபத்துகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பயம் கலந்த கேள்விகளே அதிகம். பயப்பட வேண்டிய விஷயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நம்மில் பலர் வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். மனிதர்களே உண்டாக்கி வைத்திருக்கும் ஆபத்துகளைக் கவனிக்காமல் விடுகிறோம்.

2029இல் ஒரு விண்கல் மோதி எல்லோரும் இறந்துவிடுவோம் என்று ஏதோ காணொளியில் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரவில் தூங்க மறுக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
– ஒரு தாய், ஈரோடு

மோதாது என்று தைரியமாகச் சொல்லுங்கள் அம்மா. அந்தக் காணொளி குறிப்பிடுவது அபோபிஸ் என்ற சிறுகோளை. 2004இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, மோத வாய்ப்பு உண்டு என்று முதல் கணக்குகள் காட்டியது உண்மைதான். ரேடார் அளவீடுகள் வந்த பிறகு, அடுத்த நூறு ஆண்டுகளுக்காவது மோதல் இல்லை என்று 2021இல் தெளிவாகிவிட்டது. 2029 ஏப்ரல் 13 அன்று அது தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பலர் அதை வெறும் கண்ணால் பார்க்கப் போகிறார்கள்.

2022 செப்டம்பர் 26 அன்று நடந்ததையும் அவளுக்குச் சொல்லுங்கள். நாசாவின் டார்ட் விண்கலம், இன்னொரு சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதி, அது ஒரு சுற்று சுற்றிவர எடுக்கும் நேரத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. வரும் கல்லின் பாதையை மாற்ற மனிதர்களால் முடியும் என்பது நடத்திக் காட்டப்பட்ட உண்மை.

ஒரு கிலோமீட்டருக்கு மேல் பெரிதாக, பூமிக்கு அருகில் வரக்கூடிய சிறுகோள்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணில் தப்புபவை சிறியவை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல்லின் அகலம் ஏறத்தாழ 20 மீட்டர்தான். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் அது படவில்லை. பளீரென்ற வெளிச்சத்தைக் கண்டு ஜன்னலுக்கு ஓடியவர்கள்மீது, சற்று நேரம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை உடைத்துக் கொட்டியது. ஏறத்தாழ 1,500 பேருக்குக் காயம். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் தன் வகுப்புப் பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் பதுங்கச் சொன்னார். அவருக்குக் கையில் வெட்டுக்காயம்; பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வானத்தில் பெரிய ஒளியைக் கண்டால் ஜன்னலைவிட்டு விலக வேண்டும் என்பதை உங்கள் மகள் தன் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லட்டும். பயத்தைவிட அது நல்ல வேலை.

1859இல் வந்ததுபோன்ற சூரியப் புயல் மறுபடி வந்தால் மனித இனம் அழிந்துவிடுமா?
– ஒரு வாசகர், திருச்சி

அழியாது. மின்சாரம் போகும். 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது. பெரிய மின்மாற்றிகள் கருகினால் புதியவை செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், உதிரி மின்மாற்றிகளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

மனித இனம் இதற்குமுன் அழிவின் விளிம்புவரை போனதுண்டா?
– வரலாற்று மாணவர், சென்னை

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது அப்படி நடந்தது என்று நீண்டகாலம் கருதினார்கள். அதன் சாம்பல் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் படிந்தது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படிவத்தைத் தோண்டினார்கள். சாம்பலுக்குக் கீழே கல் கருவிகள் கிடைத்தன; சாம்பலுக்கு மேலேயும் ஏறக்குறைய அதே வகைக் கருவிகள் கிடைத்தன. அங்கே வாழ்ந்தவர்கள் அந்தப் பேரழிவைத் தாண்டிப் பிழைத்திருக்க வேண்டும் என்று 2007இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எனக்கு இது பெரிய நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அவர்கள் சிறு சிறு கூட்டங்களாக இடம்விட்டு இடம் போய் உணவு தேடியவர்கள். 800 கோடிப் பேர் சில தானியங்களை நம்பி வாழும் இன்றைய உலகத்துக்கு அந்த நெகிழ்வு இல்லை.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அணுஆயுதப் போரே வந்தாலும், டெல்லியும் லாகூரும் இங்கிருந்து வெகுதூரம். தமிழ்நாட்டுக்குப் பாதிப்பு வராதுதானே ஐயா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்

வரும் ஐயா. பசியாக வரும். நகரங்கள் பற்றி எரியும்போது எழும் கரும்புகை மழைமேகங்களைத் தாண்டி அடுக்குமண்டலத்துக்குப் போய்விடும். அங்கே அதைக் கழுவி இறக்க மழை கிடையாது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி வெயிலை மறைக்கும், பருவமழை தளரும், விளைச்சல் விழும். 2022இல் நேச்சர் ஃபுட் இதழில் வந்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட போரின் மோசமான நிலையில் உலகெங்கும் 200 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டினியால் இறக்கக்கூடும் என்று கணக்கிட்டது. எவ்வளவு புகை எழும் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டாலும் 20 கோடி உயிர்கள்! வெயில் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் உதாரணம் உண்டு: இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்தபோது, மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி பெய்தது, ஐரோப்பாவில் பயிர் பொய்த்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தவறுதலாகத் தொடங்கும் போர். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் கணினிகள் எச்சரித்தன. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி, இது பொய்யான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. யோசிக்க அவருக்கு நிமிடங்கள் இருந்தன. நம் துணைக்கண்டத்தில் தலைநகரங்கள் அருகருகே இருப்பதால் அந்த அவகாசம் இன்னும் குறைவு. 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை. பாகிஸ்தானும் பதிலடி கொடுக்கவில்லை. நாம் பிழைத்தோம்.

ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 1992 முதல், கார்கில் போரையும் தாண்டி, இது நடந்துவருகிறது. பாலிஸ்டிக் ஏவுகணைகளின், அதாவது உயரே ஏறி வளைந்து விழுபவற்றின், சோதனைகளை முன்கூட்டியே அறிவிக்கும் உடன்பாடு 2005இல் வந்தது. மியான் சன்னுவில் விழுந்ததோ விமானம்போல் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணை. அந்த வகை உடன்பாட்டில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏன் கேட்கக் கூடாது?

கொரோனாவைவிடக் கொடிய கிருமியை யாராவது செயற்கையாக உருவாக்க முடியுமா?
– செவிலியர், தஞ்சாவூர்

வழி திறந்துதான் இருக்கிறது. குதிரையம்மைக் கிருமியை, தபாலில் வரவழைத்த டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டே கனடா ஆய்வாளர்கள் மறுபடி உருவாக்கிக் காட்டினார்கள். ஆய்வுக் கட்டுரை 2018இல் வந்தது. அது பெரியம்மையின் உறவுக் கிருமி. டிஎன்ஏ விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்று சோதித்த பிறகே விற்க வேண்டும். இதைச் சட்டமாக்காமல் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடுவது பொறுப்பற்ற செயல். உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் அதை மதிக்கின்றனவா என்று சோதிக்கும் ஏற்பாடு மட்டும் அதில் இன்றுவரை இல்லை.

கெட்ட எண்ணம் இல்லாமலும் விபத்து நடக்கும். இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். மறு ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தில் வேலை பார்த்த மருத்துவப் புகைப்படக் கலைஞர் ஒருவர் அந்நோயால் இறந்தார்.

செயற்கை நுண்ணறிவை உருவாக்கியவர்களே அதனால் மனித இனம் அழியலாம் என்கிறார்கள். இதை நம்பலாமா?
– பொறியியல் மாணவி, கோவை

கவனித்துக் கேட்க வேண்டும். பெருந்தொற்று, அணுஆயுதப் போர் ஆகியவற்றுக்கு இணையாக இந்த ஆபத்தையும் கருத வேண்டும் என்ற ஒற்றை வாக்கிய அறிக்கையில் இத்துறையின் முன்னோடிகளான ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ உட்படப் பலர் 2023 மே மாதம் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு இணையான அறிஞர் யான் லெகுன் இதை மிகையான பயம் என்று மறுக்கிறார். யார் சொல்வது சரி என்று தெரியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதே என் நிலை. இந்த அமைப்புகள் உள்ளே எப்படி முடிவெடுக்கின்றன என்று செய்தவர்களாலேயே முழுமையாக விளக்க முடியவில்லை. போட்டியோ நாளுக்கு நாள் கூடுகிறது. புதிய மருந்தை, செய்தவரே சோதித்துச் சான்றிதழும் கொடுத்துக்கொள்ள நாம் அனுமதிப்பதில்லை. இங்கும் வெளியாள் சோதனை வேண்டும். நீங்கள் பொறியியல் படிப்பவர். இந்தப் பாதுகாப்பு ஆய்வுத் துறைக்கு வாருங்கள். ஆட்கள் மிகக் குறைவு.

கூரை ஒழுகும் வீடுகள் இவ்வளவு இருக்கும் நாட்டில், இதெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை அல்லவா?
– ஒரு வாசகர், தருமபுரி

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விளைச்சல் விழுந்தால் முதலில் சாப்பாடு இல்லாமல் போவது அந்த வீடுகளில்தான். ஓசோன் படலத்தில் ஓட்டை என்று விஞ்ஞானிகள் 1985இல் அறிவித்தார்கள். அதை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கைவிட 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஏழை நாடுகள் மாற்றுப் பொருள்களுக்கு மாறுவதற்கு நிதியும் ஒதுக்கப்பட்டது. இன்று ஓசோன் மீண்டுவருகிறது. பணக்காரர், ஏழை என்று பிரியாமல் செய்த வேலை அது.

வீட்டில் ஆறு மாத அரிசி வாங்கி வைக்கலாமா?
– ஒரு குடும்பத் தலைவி, நாகப்பட்டினம்

வேண்டாம் அம்மா, வண்டு விழும். சில நாள்களுக்கான குடிநீர், மாத்திரைகள், டார்ச் விளக்கு போதும். அவை புயலுக்கும் உதவும். உங்கள் கடற்கரைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 சுனாமியன்று, புதுச்சேரி அருகே நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் சிங்கப்பூரில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் அறிவிக்க, மக்கள் ஓடித் தப்பித்தார்கள். அந்த ஊரில் ஒலிபெருக்கி இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். எச்சரிக்கை ஒலிபெருக்கி வேலை செய்கிறதா, புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, ரேஷன் கடையில் எத்தனை நாள்களுக்கு அரிசி இருப்பு இருக்கிறது என்று மூன்று கேள்விகளையும் அங்கே கேளுங்கள். பதில்களைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.