ஆபீஸில் புது முறை கொண்டுவந்தால் எல்லோரும் எதிர்க்கிறார்கள், எப்படி ஆதரவு திரட்டுவது?

பேசியே சம்மதிக்க வைக்கப் பார்க்காதீர்கள், அனுபவிக்க விடுங்கள். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நகர மையத்துக்குள் வந்துபோகும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் என்றதும் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். நிர்வாகம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை மட்டும், அப்புறம் செப்டம்பரில் வாக்கெடுப்பு என்று வைத்தது. கட்டணம் வருவதற்கு முன்பே, 2005 ஆகஸ்டிலேயே, கூடுதல் பஸ்களையும் விட்டிருந்தது. இந்த வரிசைதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள், நகரத்தில் கட்டணமே ஜெயித்தது. சுற்றியுள்ள பல நகராட்சிகளில் தோற்றது, அதனால் 2007-ல் நிரந்தரமாக்கியபோது வருமானத்தை அந்த வட்டாரத்தின் சாலைகளுக்கு ஒதுக்கினார்கள்.

நீங்களும் ஒரே ஒரு பிரிவில், முடிவுத் தேதி சொல்லி ஆரம்பியுங்கள். பயிற்சியும் கூடுதல் ஆளும் முதலில் போகட்டும். யாருக்கு வேலை கூடுகிறதோ அவர்களிடம் போய், பதிலுக்கு என்ன வேண்டும் என்று நேராகவே கேளுங்கள்.