ஆம்ப் கெடவில்லை, கரண்ட்தான் போய்ச் சேரவில்லை

கார் ஆடியோ வயரிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஈரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பழைய ஆல்டோ வைத்திருக்கிறேன். டிக்கியில் மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 12 இன்ச் சப்வூஃபர். சத்தம் குறைவாக வைத்தால் நன்றாகப் பாடுகிறது. கொஞ்சம் ஏற்றினால் பாஸ் விழும்போதெல்லாம் ஆம்ப் நின்றுபோய் சிவப்பு விளக்கு எரிகிறது. சில நொடிகளில் தானாகவே திரும்ப வருகிறது. ஆம்ப் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். குறைந்த சத்தத்தில் ஒழுங்காகப் பாடுகிற ஆம்ப்பைச் செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வராது. சத்தம் ஏறும்போது அது கேட்கிற கரண்ட் அதற்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் முதல் சந்தேகம். வோல்டேஜ் 10, 11-க்குப் பக்கத்தில் இறங்கினால் பல ஆம்ப்கள் தாங்களாகவே நின்றுகொள்ளும். இது கோளாறு இல்லை, அந்த ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பாட்டு ஓடாதபோது அளந்து பிரயோஜனம் இல்லை. கரண்ட் ஓடாத நேரத்தில் அழுகிப்போன வயர் கூட முழு 12 வோல்ட் காட்டும். நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இன்ஜினை ஓடவிட்டு, போனில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஆம்ப் நிற்பதற்குச் சற்று முன்னால் வரை சத்தத்தை ஏற்றுங்கள். பாட்டின் பாஸ் துள்ளித் துள்ளி வரும், மீட்டரால் அதைப் பிடிக்க முடியாது. டோன் என்றால் முள் நகராமல் நிற்பதுபோல எண் நிற்கும். சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள், சப்வூஃபர் காயில் சூடாகிவிடும்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். பிறகு ஆம்ப்பின் பிளஸ், எர்த் முனைகளில். பேட்டரியில் 13.8, ஆம்ப்பில் 11 என்று வந்தால், நடுவில் கிட்டத்தட்ட 3 வோல்ட் காணாமல் போகிறது. அது எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்த்துவிடலாம். மீட்டரின் ஒரு முனையை நீளமான வயரால் பேட்டரி பிளஸ்ஸிலும், இன்னொன்றை ஆம்ப் பிளஸ்ஸிலும் வையுங்கள். அங்கே காட்டுவது பிளஸ் வயரின் இழப்பு. அதேபோல பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் எர்த் பக்க இழப்பு. பிளஸ் பக்கம் அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எர்த் பக்கம் 0.1, 0.2-ஐத் தாண்டினாலே நான் அதைப் பிரித்துவிடுவேன்.

எர்த்தில் பெரும்பாலும் பெயின்ட்தான் வில்லன். பாடியில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி அதில் வயரைச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். வயரின் முனையில் ஒழுங்காக அழுத்திப் பிடித்த (கிரிம்ப் செய்த) வளைய லக் போட்டு, பல் வாஷரோடு போல்ட்டில் இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள், துரு ஏறாது. எர்த் வயர் பிளஸ் வயரின் அதே கனத்தில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடவே கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்டது.

பிளஸ் பக்கம் என்றால் வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அலுமினியம் செம்பில் 61 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். அசல் செம்பில் 8 கேஜ் வயர் (கேஜ் எண் ஏற ஏற வயர் மெலியும்) 5 மீட்டர் ஓடினால், 40 ஆம்பியருக்கு இழப்பு சுமார் 0.4 வோல்ட். மலிவு கிட்களில் தடித்த ரப்பருக்குள் 12 கேஜ் கனத்துக்கு அலுமினியத்தை வைத்து 8 என்று அச்சடித்து விற்பதும் உண்டு. அதில் ஒன்றரை வோல்ட் போய்விடும். ஆம்ப்புக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு பகுதியை நல்ல செம்பு வயருக்குக் கொடுங்கள்.

பேட்டரி முனையிலேயே வோல்டேஜ் 12-க்குக் கீழே இறங்கினால் கதை வேறு. அப்போது பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆம்ப் போட்ட பிறகு, இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி புதியது.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இரவில் சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டு, சற்று நேரம் கழித்து டிக்கியைத் திறந்து பாருங்கள். ஆம்ப்பின் பவர் விளக்கு எரிகிறதா? எரிந்தால் ரிமோட் வயரை நேரடி பிளஸ்ஸோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பாட்டு பாடாவிட்டாலும் ஆம்ப் விழித்தே இருக்கும். அது 1 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் எத்தனை நாள் தாங்கும்?

ரிமோட் என்பது ஆம்ப்பை எழுப்புகிற சிக்னல் மட்டும்தான். ஸ்டீரியோவின் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் இருக்கும், அதில் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனி ஸ்டீரியோவில் அது இல்லையென்றால், சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஏசிசி ஃபியூஸிலிருந்து தனியாகச் சின்ன ஃபியூஸ் வைத்து எடுக்கலாம்.

விளக்கு எரியவில்லை என்றால் வேறு ஏதோ இழுக்கிறது. பேட்டரி மைனஸைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கழற்றிய வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் இணைத்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் இணைந்திருக்கும்போது தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள்.

கேள்வி: 30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 60 போடலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஓடும் காரில் கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் பற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஃபியூஸும் பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஆம்ப்பிலிருந்து பிளஸ் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, அதே அளவு புது ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. பானெட்டிலிருந்து கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் தோல் உரிந்திருக்கும், அங்கிருந்து தேடுங்கள். அப்போது போகாமல், வயரை மறுபடி ஆம்ப்பில் மாட்டிய நொடியே போனால் ஆம்ப்பின் உள்ளே ஷார்ட். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்த ஆம்ப்களில் இது சகஜம். சத்தம் ஏற்றினால் மட்டும் போனால் ஸ்பீக்கர் இணைப்பைப் பாருங்கள். 4 ஓம் சப்வூஃபர் இரண்டை இணையாகக் கட்டினால் 2 ஓம். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக்கிய) ஆம்ப் 4 ஓமுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அது தாங்காது.

கேள்வி: ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஸ்பீக்கரில் ‘ங்ங்ய்’ என்று சத்தம் ஏறுகிறது.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி வண்டிகளில் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால், ஆம்ப்பை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஆம்ப்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் அது ஆர்சிஏ வழியாக வருகிறது: ஸ்டீரியோவின் எர்த்தைச் சரிசெய்து, ஆர்சிஏவை பவர் வயர் போகாத மறுபக்கமாக ஓட்டுங்கள். கேபிளைக் கழற்றியும் சத்தம் இருந்தால் ஆம்ப்பின் எர்த்தைப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் 1200 வாட்ஸ் என்று இருக்கிறது. எந்த கேஜ் வயர் வாங்குவது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பெட்டியை விடுங்கள், ஆம்ப்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் 13.8-ஆல் பெருக்க 414 வாட் உள்ளே போகிறது. கிளாஸ் டி ஆம்ப் அதில் சுமார் 80 சதவீதத்தை வெளியே தரும், ஏபி கிளாஸ் 60-ஐ ஒட்டி. அந்த ஆம்ப்புக்கு 8 கேஜ் செம்பு போதும். ஃபியூஸ் 60, 80 என்று இருந்தால் 4 கேஜ் வாங்குங்கள்.