சிங்கப்பூரில் பெரிய கட்டுமான வேலைக்கு நல்ல குத்தகையாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆறு மாடித் தொழிற்கூடம் கட்ட நான்கு டெண்டர் வந்திருக்கிறது, விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பதினான்கு வருடமாகக் கியூஎஸ் வேலை, அதாவது கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடும் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

காகிதச் சோதனை அரை நாள் வேலைதான். வேலையின் மதிப்பு 6 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டினால் முதல் வகுப்புப் பொதுக் கட்டுநர் உரிமம் வேண்டும். கட்டட, கட்டுமான ஆணையத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். பாதுகாப்பில் வாங்கிய குறைபுள்ளிகளை மனிதவள அமைச்சின் ‘செக்சேஃப்’ பக்கம் காட்டிவிடும். ‘நாங்கள் ஏ1’ என்பார்கள். அரசாங்க டெண்டருக்கான தரம் அது. உங்கள் சைட்டுக்கு யார் வருவார் என்பதை அது சொல்லாது.

அப்புறம் விலைப்பட்டியல். மொத்தத் தொகையை விடுங்கள். பைலிங் (அடித்தளத் தூண் இறக்குதல்), மண் தோண்டுதல் எல்லாம் கொழுத்தும், கடைசியில் வரும் பூச்சு, மின்வேலை மெலிந்தும் இருந்தால், ஆள் முதலிலேயே பணத்தை எடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். ஒரு முதலாளியிடம் இதைச் சொன்னேன், கேட்கவில்லை. நான்காவது மாடி எழும்பியதும் ஜன்னல் போடுகிறவர் வேலையை நிறுத்திவிட்டார். குத்தகையாளர் அவருக்குப் பாக்கி வைத்திருந்தார். ‘முதலாளி கொடுத்தால்தான் தருவேன்’ என்ற நிபந்தனை 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. ஜன்னல்காரர் வழக்காடி வாங்கிவிடலாம். ஆனால் அதுவரை மழை உள்ளேதானே அடிக்கும்?

அதிலிருந்து, கட்டி முடித்த கட்டடத்தைக் காட்டக் கூட்டிப் போனால் நான் போவதில்லை. வேலை நடக்கும் சைட்டைத்தான் கேட்பேன், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். போன வருடம் அப்படிப் போனபோது, நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளில் பாதிக்கு மூடியே இல்லை. பக்கத்தில் அறந்தாங்கித் தம்பி ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். “சம்பளம் ஒழுங்கா வருதா?” என்றேன். “நமக்கு வந்துரும்ணே. சப்கானுக்குத்தான் மூணு மாசமா வரலையாம்.” சப்கான் என்றால் துணைக் குத்தகையாளர். பளபளப்பான அறிமுகப் புத்தகம் எதிலும் இது இருக்காது. நமக்குத் தமிழ் தெரிந்தது எவ்வளவு வசதி, பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நேர்காணலில் சரளமாகப் பேசும் திட்ட மேலாளரை, கையெழுத்தானதும் வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி, உங்கள் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்று சேர்த்துவிடுங்கள். அதற்கு எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.