நோ சிக்னல்: ஆண்டனா, டிஷ் பற்றி வாசகர் கேள்வி பதில்

எங்கள் மாடியில் 20 அடி பைப்பில் கொடைக்கானலைப் பார்த்துக் கட்டிய மீன்முள் ஆண்டனா இன்னும் நிற்கிறது. பல வருடமாகப் படம் இல்லை. புது டி.வி.யில் டி.வி.பி.-டி2 என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டனாவை இதில் மாட்டினால் டிஜிட்டல் சேனல் வருமா? பூஸ்டர் போட்டால் வரும் என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், உசிலம்பட்டி

பூஸ்டருக்கு இப்போதைக்குக் காசு போடாதீர்கள்.

உங்கள் ஆண்டனா பிடித்துவந்தது அனலாக் ஒளிபரப்பு. தூர்தர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, அதை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாக அணைத்து, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சோடு அந்த வேலையை முடித்துவிட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு (டி.வி.பி.-டி2 என்பது இதன் முறைதான்) 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியபோது, அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது சென்னை மட்டும்தான். டி.வி. அட்டைப்பெட்டியில் டி2 என்று அச்சிட்டிருப்பதற்கு, சிக்னல் வந்தால் பெட்டி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். உங்கள் ஊர் வானத்தில் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அதைச் செலவில்லாமல் சோதித்துவிடலாம். டி.வி. மெனுவில் டியூனரை ‘கேபிள்’ என்பதிலிருந்து ‘ஆண்டனா’வுக்கு மாற்றுங்கள். ‘ஆட்டோ ஸ்கேன்’ வேண்டாம், ‘மேனுவல் ஸ்கேன்’ எடுங்கள். அலைவரிசை எண் 21-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போங்கள். திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. முதலாவதைக் கண்டுகொள்ளாதீர்கள். செல்போன் டவர், ட்யூப்லைட் சோக்கு என்று எந்த இரைச்சல் வந்தாலும் அது ஏறும். எந்த எண்ணிலுமே குவாலிட்டி பட்டை அசையவில்லை என்றால் பிடிக்க எதுவும் இல்லை. இல்லாத சிக்னலைப் பூஸ்டர் உண்டாக்காது. அது பெருக்குவதில் இரைச்சலும் சேர்த்தி.

இந்தச் சோதனைக்கு உங்கள் பழைய ஆண்டனா ஏற்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் பூட்டியிருக்கும் கம்பியின் நீளத்தை அளங்கள். 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அந்தக் கம்பி எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று கிடைக்கும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு 75 செ.மீ., 500-க்கு 30 செ.மீ. டிஜிட்டல் தரைவழி ஓடுவது யு.எச்.எஃப்.பில், அதாவது 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். முழங்கைக்கு மேல் நீளும் கம்பி அதற்கு உதவாது. பட்டையான ரிப்பன் வயர் இருந்தால் அது 300 ஓம், டி.வி. கேட்பது 75 ஓம். நடுவே பேலன் என்ற சின்ன மாற்றி இல்லாமல் நேரே முறுக்கிவிட்டால் கிடைப்பதிலும் ஒரு பகுதி வீண்.

அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் முகம் தெரியும். தென்கடற்கரை ஊர்களில் கடல் தாண்டி இலங்கையின் ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிமழை நன்றாக ஞாபகம் இருக்கும். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. தேவையான அளவுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தால் பளிங்கு போலப் படம், கீழே போனால் கருப்புத் திரை. அதனால் படத்தைப் பார்த்துச் சிக்னலை எடைபோட முடியாது. இந்தப் பக்கத்தில் குவாலிட்டி, குவாலிட்டி என்று திரும்பத் திரும்ப எழுதுவது அதனால்தான்.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் டி.டி. ஃப்ரீ டிஷ் போடுங்கள். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் வருகிறது. அந்த 20 அடி பைப்பைக் கழற்றி 4 அடியாக வெட்டினால் டிஷ்ஷுக்குக் கால் ஆயிற்று. டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை, ஆடாமல் நிற்பதுதான் முக்கியம்.

ஃப்ரீ டிஷ் மாட்ட நினைக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் மலை, காம்பவுண்டில் மூன்று தென்னை. சிக்னலை மறைக்குமா? நானே திசை வைக்க முடியுமா?
— வாசகர், நாகமலை புதுக்கோட்டை

மலையை மறந்துவிடுங்கள். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. மதுரையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 122 டிகிரியில், தரையிலிருந்து 68 முதல் 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட அண்ணாந்து பார்க்கும் உயரம். நாகமலை அடிவாரத்தில் இருந்தாலும் அந்த உயரத்துக்கு மலை எழும்பாது.

தென்னைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷைவிட மரம் எத்தனை மீட்டர் உயரமோ, அதை இரண்டரையால் வகுங்கள். அந்தத் தூரத்துக்குள், தென்கிழக்கில் மரம் இருந்தால்தான் மறைக்கும். 10 மீட்டர் உயர்ந்த தென்னை 4 மீட்டருக்கு அப்பால் நின்றால் தொந்தரவில்லை. மட்டையின் வீச்சுக்கு இன்னும் 3 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், காற்றில் மட்டை குறுக்கே வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

திசையை நீங்களே வைக்கலாம். முதல் வேலை, பைப் செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது, அதுவும் இரண்டு பக்கமிருந்து. கால் கோணலாக இருந்தால் டிஷ்ஷைத் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும், மாலைவரை திருகினாலும் கிடைக்காது. பலர் தோற்பது இங்கேதான். அடுத்து உயரம். 60 செ.மீ. டிஷ்கள் ஆஃப்செட் வகை, முகம் காட்டும் திசைக்கு மேலே சுமார் 24 டிகிரியிலிருந்து சிக்னலை வாங்குபவை. ஆகவே கண்ணுக்கு டிஷ் 45 டிகிரிதான் நிமிர்ந்திருக்கும். முதுகில் உள்ள அளவுக்கோட்டில் 68-ஐ ஒட்டி வைத்து நட்டைப் பாதி இறுக்குங்கள். பிறகு திசை. போன் காம்பஸைக் கம்பி, டிஷ், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் இவற்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அந்த 122 டிகிரித் திசையைச் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுக்கொண்டு, அதை ஒட்டி டிஷ்ஷை இடவலமாக நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு அரை விரல் நகர்த்தி, மூன்று விநாடி நிறுத்துங்கள். செட்டாப் பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ள அந்த நேரம் வேண்டும், சரசரவென்று சுற்றினால் சிக்னலைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கடைசியாக எல்.என்.பி.யின் (டிஷ்ஷின் முன்னே கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் உறுப்பு) சுழற்சி. தெற்கே வர வர இதை அதிகமாகச் சாய்த்துத் திருப்ப வேண்டும். வட இந்திய வீடியோவைப் பார்த்து நேராக வைத்தால் பாதிச் சேனல் வராது. கிளாம்பைத் தளர்த்தி, குவாலிட்டி உச்சம் தொடும்வரை மெல்லத் திருப்புங்கள். மெனுவில் எல்.என்.பி. ‘யுனிவர்சல்’, எல்.ஓ. 9750/10600 என்று இருக்கட்டும்.

தூறல் விழுந்தாலே டி.வி. போய்விடுகிறது. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆனாலும் வருவதில்லை. பக்கத்து வீட்டில் அப்படி இல்லை.
— வாசகி, மேலூர்

இரண்டு கோளாறுகளைச் சேர்த்துச் சொல்கிறீர்கள்.

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கே.யு. பேண்ட் சிக்னலை மழைத்துளி உறிஞ்சும். அடைமழையில் போவது இயற்கை. நம் பக்கத்தில் டிஷ் நன்றாக நிமிர்ந்து பார்ப்பதால், மழை உருவாகும் சுமார் 5 கி.மீ. உயரத்தைச் சிக்னல் கடப்பது வீட்டிலிருந்து தென்கிழக்கே 2 கி.மீ.க்குள். அதற்கு எதிர்ப்பக்கம், அழகர்மலையில் இருட்டிக்கொண்டு வந்தால் உங்கள் டி.வி.க்கு ஒன்றும் ஆகக் கூடாது. வெறும் தூறலுக்கே போகிறது என்றால் வெயில் நாளிலேயே குவாலிட்டி விளிம்பில்தான் இருந்திருக்கிறது. தெளிந்த வானத்தில் பட்டையைப் பாருங்கள், டிஷ்ஷைக் கொஞ்சம் திருத்தினால் ஏறும். ஏறவே இல்லை என்றால் 90 செ.மீ. டிஷ். 60-ஐவிட 3.5 டெசிபெல் கூடுதல், அதாவது இரு மடங்குக்கும் சற்று மேல்.

மழை விட்ட பிறகும் வராதது வானத்தின் குற்றமல்ல, எங்கேயோ தண்ணீர் நின்றிருக்கிறது. எல்.என்.பி.யின் வாயில் உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். இரண்டு மூன்று கோடை வெயிலில் அது வெளிறி, நகத்தால் தட்டினாலே விரிசல் விடும். உள்ளே தண்ணீர் போகும், குளவி மண்கூடு கட்டும். மூடி உடைந்திருந்தால் எல்.என்.பி.யையே மாற்றிவிடுங்கள்.

மூடி நன்றாக இருந்தால் கேபிள் நுனியில் உள்ள எஃப் பின்னைக் கழற்றுங்கள் (பாக்ஸின் கரண்டை அணைத்துவிட்டு). நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் நோய் அங்கேதான். கேபிளின் நுனியில் ஒரு அடியை வெட்டி எறியுங்கள், தோலுக்கு அடியில் உள்ள கம்பி வலை வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறியிருக்கும். புதிதாகப் பின் போடும்போது வெளித்தோலை ஒன்றரை செ.மீ. சீவி, வலையைப் பின்னால் மடித்து, ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் பாருங்கள். நடுக்கம்பி பின்னின் விளிம்புக்கு வெளியே 2 முதல் 3 மி.மீ. நீட்டினால் போதும். திருகும் பின்னைவிட அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் பின் நல்லது. மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பேஸ்ட் வேண்டாம், அதில் வரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் எல்.என்.பி.யிலிருந்து நேரே சுவருக்குள் போகாமல், கீழே ஒரு வளைவு தொங்கட்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

குரங்குத் தொல்லை. வாரம் ஒருமுறை டிஷ்ஷைத் திருப்பிவிடுகின்றன.
— வாசகர், திருப்பரங்குன்றம்

60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பு ஒரு செ.மீ. நகர்ந்தால் அது ஏறக்குறைய 2 டிகிரி, பாதிச் சிக்னலுக்கு மேல் போய்விடும். குரங்குக்கு அது ஒரு தாவல். சரியான நிலை கிடைத்ததும் பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு துளை போட்டு 6 மி.மீ. போல்ட் ஊடுருவ விடுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் மாட்டாமல், சுவருக்கு உள்ளே தரையோடு தாழ்வாக வையுங்கள். உயரத்தில் நிற்கும் டிஷ்தான் அவற்றுக்கு ஊஞ்சல்.

சில நாட்களாகத் தினமும் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போய்த் தானாக வருகிறது. வானம் தெளிவாகத்தான் இருக்கிறது.
— வாசகர், திருமங்கலம்

எதையும் கழற்றாதீர்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சில நாட்கள் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும், அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். நம் பக்கம் 93.5 டிகிரிக்கு மார்ச்சில் 11.15-ஐ ஒட்டியும், செப்டம்பரில் 11-ஐ ஒட்டியும் இது நடக்கும். ஒரு வாரம்போல இருந்துவிட்டுப் போய்விடும். ஒரு பயனும் உண்டு: அந்த நிமிடத்தில் டிஷ் மேல் எதனுடைய நிழல் விழுகிறதோ, வருடம் முழுக்க உங்கள் சிக்னலை மறைப்பது அதுதான்.

சின்னக் கேபிள் கண்ட்ரோல் ரூம் வைத்திருக்கிறேன். எதிரே 5ஜி வந்ததிலிருந்து பெரிய டிஷ்ஷில் எல்லாச் சேனலும் உடைகிறது. கோஆக்ஸ் ஃபில்டர் போட்டும் சரியாகவில்லை.
— வாசகர், வாடிப்பட்டி

ஃபில்டரைப் போட்ட இடம் தப்பு. 2022 ஏலத்தில் 5ஜிக்குக் கொடுத்தது 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை. உங்கள் சி பேண்ட் டிஷ் வாங்குவது 3700 முதல் 4200. நடுவே 30 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, எல்.என்.பி.யின் முதல் பெருக்கிக்கு இந்த வேலி தெரியாது. 36,000 கி.மீ. தள்ளியிருக்கும் செயற்கைக்கோளும் எதிர்வீட்டு டவரும் ஒன்றாக உள்ளே வந்தால் பெருக்கி திணறிப்போகும். அதனால்தான் ஓரத்துச் சேனல் மட்டுமல்லாமல் எல்லாமே உடைகின்றன. திணறிய பிறகு கேபிளில் வடிகட்டிப் பயனில்லை. ஃபீட் ஹார்னுக்கும் (சிக்னலை உள்வாங்கும் வாய்) எல்.என்.பி.க்கும் நடுவே பூட்டும் வேவ்கைடு பேண்ட்பாஸ் ஃபில்டர், 3700-4200 என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு முகத்திலும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் டிஷ்ஷை மாடியிலிருந்து தரைக்கு இறக்கி, டவர் இருக்கும் பக்கம் கட்டடம் மறைக்கும்படி வையுங்கள். செயற்கைக்கோள் மேலே இருக்கிறது, டவர் பக்கவாட்டில் இருக்கிறது, சுவர் டவரை மட்டும் மறைக்கும்.

ஒரு டிஷ்ஷில் இரண்டு டி.வி. ஓட்டலாமா? ஸ்ப்ளிட்டர் போட்டால் சில சேனல் வருகிறது, சில வருவதில்லை.
— வாசகி, அலங்காநல்லூர்

செங்குத்து அலைக்கு 13 வோல்ட், கிடை அலைக்கு 18 வோல்ட் என்று பாக்ஸ்தான் எல்.என்.பி.க்கு உத்தரவு போடுகிறது. ஒரே எல்.என்.பி.க்கு இரண்டு எஜமானர்கள் இருந்தால் 18 கொடுப்பவர் சொல்தான் செல்லும், மற்றவருக்கு அவர் கேட்ட சேனல் வராது. ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு வாய் உள்ள ட்வின் எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஆர்.ஜி.-6 கேபிள் இழுங்கள். டிஷ்ஷின் திசையைத் தொட வேண்டியதில்லை. பழைய எல்.என்.பி.யைக் கழற்றும் முன் அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் கிளாம்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.