புயல் அடங்கி இரண்டு நாள் ஆனதும் போகலாமா?

சனிக்கிழமை நியூ ஜெர்சியிலிருந்து வாடகைப் படகில் மூழ்கிய கப்பல்மேல் மீன்பிடிக்கப் போகலாமா, போன நவம்பரில் தூண்டிலில் எடைக்காகக் கட்டும் ஈயக்குண்டெல்லாம் அறுந்துபோனது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

காற்று நின்றாலும் அலை உடனே படுக்காது. அலை உயரத்தோடு இடைவெளியையும் பாருங்கள். 5 அடி அலை 10 விநாடிக்கு ஒருமுறை வந்தால் தாங்கலாம். 5 விநாடிக்கு ஒருமுறை என்றால் படகு குத்தி எடுக்கும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஈயம் போனதற்கும் அந்த அலைதான் காரணமாக இருக்கும். நங்கூரமிட்ட படகு ஏறி இறங்கும்போது குண்டும் தூக்கிப் போடப்பட்டு, மூழ்கிய கப்பலின் துருப்பிடித்த தகட்டு இடுக்கில் மாட்டும். கொஞ்சம் கனமான குண்டு போடுங்கள். படகு ஏறும்போது தூண்டில் நரம்பை லேசாக விட்டுக்கொடுத்து, குண்டைக் கடல் தரையிலேயே வைத்திருங்கள். குண்டை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். மாட்டினால் அது மட்டும் அறும், தூண்டில் முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் கட்டுகிறேன்.

கரையோரம் கலங்கியிருக்கும். ஆழமான இடம் சீக்கிரம் தெளியும், அதனால் கேப்டனிடம் எந்த ஆழம் என்று முன்பே கேளுங்கள். கப்பல் இடுக்குகளில் வாழும் டாடாக் மீனுக்குப் பச்சை நண்டு எனும் சிறு வகை நண்டைப் பாதியாக வெட்டி, கால் ஒடித்த துளையில் முள்ளைச் செருகுங்கள். பிளாக் சீ பாஸ் மீனுக்குக் கணவாய்த் துண்டு போதும்.

அப்புறம், குமட்டல் மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்.