டீசல் காரில் இன்ஜெக்டர் பைப்புகளைக் கழற்றி மாட்டிய பிறகு நட்டு ஓரத்தில் கசிகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?

வேண்டாம். மேனுவல் சொன்ன டார்க்கில் (இறுக்கும் திருப்பு விசையின் அளவில்) இறுக்கியும் கசிகிறது என்றால், பெரும்பாலும் பைப்பின் தலை நேராக உட்காரவில்லை என்று அர்த்தம்.

இந்த இணைப்பில் வாஷரோ ரப்பரோ கிடையாது. பைப் முனையில் இருக்கும் கூம்புத் தலை, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் குழியில் இரும்போடு இரும்பாகப் பதிந்துதான் டீசலை அடைக்கிறது. நட்டு அந்தத் தலையைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மரை எதையும் அடைப்பதில்லை என்பதால் டெஃப்லான் டேப், சீலண்ட் எதுவும் போடாதீர்கள். அதன் துணுக்கு உள்ளே போனால் இன்ஜெக்டரே போய்விடும். வெறிகொண்டு இறுக்கினால் தலை நசுங்கி, உள்துளை சுருங்கும். அந்த சிலிண்டருக்கு மட்டும் டீசல் குறைந்து எஞ்சின் உதறும். வினையை விலைக்கு வாங்குவது இப்படித்தான்.

வண்டி எந்த வகை என்பது முக்கியம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் சுமார் 120 முதல் 250 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எல்லா இன்ஜெக்டருக்குமான டீசலை ஒரே பொதுக்குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கித் தரும் காமன் ரெயில் வண்டியில், ஐடிலிலேயே (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போதே) ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். முழு லோடில் 1600 பார், புதிய எஞ்சின்களில் 2000க்கும் மேல். பழைய வகையில் தலையில் கீறல், பள்ளம் இல்லாதவரை அதே பைப்பை மாட்டலாம். காமன் ரெயிலில் கழற்றிய பைப்பைத் திரும்பப் போடக்கூடாது என்றே பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். முதல் இறுக்கத்திலேயே தலை அந்தக் குழிக்கு ஏற்றபடி படிந்துவிடுகிறது; மறுமுறை அதே இடத்தில் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. புதிய பைப் வாங்கிவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். மேனுவல் பழையதை அனுமதித்தால், அடையாளமிட்டு அதே சிலிண்டருக்கே மாட்டுங்கள்.

மாட்டும் முன் சுத்தம். காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கழற்றியதும் திறந்த வாய்களுக்கு மூடி போடுங்கள், நூல் பிரியும் துணியால் துடைக்காதீர்கள்.

இன்ஜெக்டரையும் எடுத்திருந்தால், அதை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்வாகவே விடுங்கள். பைப்பின் இரு முனை நட்டுகளையும் விரலாலேயே கடைசி வரை ஓட்டுங்கள். விரலுக்கு ஓடவில்லை என்றால் பைப் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஸ்பேனரால் வலிந்து இழுத்தால் மரை கோணலாக ஏறும், தலையும் சாய்ந்து உட்காரும். பைப்பை வளைத்துச் சரிக்கட்டவும் கூடாது. நட்டுகள் விரலுக்கு ஓடிய பிறகு கிளாம்பை முழு டார்க்கில் இறுக்கி, அதன் பின்தான் நட்டுகள். கசிவுக்கு இந்த வரிசைப் பிழையே அடிக்கடி காரணம்.

டார்க் பெரும்பாலான கார்களில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சிலவற்றில் இரண்டு கட்டமாக இறுக்க வேண்டும். சரியான எண்ணை உங்கள் எஞ்சினின் மேனுவலில் பாருங்கள். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பைப் நுழைய வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் வேண்டும். காக்கைக்கால் வடிவ ஸ்பேனர் தலையை டார்க் ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டுங்கள். நேராக நீட்டி மாட்டினால் ரெஞ்சில் வைத்த அளவைவிட அதிகமாக இறுகும். இன்ஜெக்டர் பக்க இணைப்பில் பிடிக்க அறுகோணம் இருந்தால் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் அதிர்விலேயே பைப் விரிசல் விடும்.

பழைய வகையில் பைப்புக்குள் புகுந்த காற்றை எடுக்க, இன்ஜெக்டர் பக்க நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றலாம். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. கைப்பம்பால், அல்லது சாவியைச் சில முறை போட்டு அணைத்து, தாழ் அழுத்தப் பக்கத்தை (டேங்கிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் வரை) மட்டும் நிரப்புங்கள். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் ஓட்டாமல் இடையில் ஆறவிடுங்கள்.

கசிவைத் தேட விரலைக் கொண்டுபோகாதீர்கள். ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்பை பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிட்டு, பிறகு ஐடிலில் ஓடவிட்டு, அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது எந்த நட்டையும் தொடாதீர்கள். நிறுத்தி, 10 நிமிடமாவது கழித்துக் கை வையுங்கள்.

நட்டு ஈரமாக இருப்பதாலேயே அங்குதான் கசிகிறது என்று முடிவு கட்டாதீர்கள். மேலே உள்ள, மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயின் ஓ-ரிங்கிலிருந்து (ரப்பர் வளையத்திலிருந்து) வழிந்தும் அங்கே தேங்கலாம். நட்டில்தான் கசிவு என்றால் கழற்றி, தலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். குழியோடு பட்ட இடம் முழு வளையமாகப் பளபளக்க வேண்டும். வளையம் அறுந்திருந்தால் புதிய பைப். புதிய பைப்பும் அதே இடத்தில் கசிந்தால் இன்ஜெக்டரின் குழிதான் கீறியிருக்கிறது. எமரி பேப்பரால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, இன்ஜெக்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.